இரண்டு மணி மஞ்சுளா

1

போன சனிக்கிழமை கடலுக்கடியில் சுழலும் எங்கள் டர்பைன்கள் மூன்றுக்கும் ஒரு வயது நிறைந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினோம். மெஷினுக்குப் பிறந்தநாளா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, கம்பெனி கேட்டில் பூசணிக்காய் உடைக்கிற ஓசூர்க்காரர்கள் மட்டும் இதற்குச் சிரிக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதல் துண்டு கேக்கை வாங்கிக்கொண்டவள் டோனா. அவளுக்கும் என் வயதுதான், நாற்பதுக்கு மேலே இரண்டோ மூன்றோ. கடற்கரைச் சேற்றில் மட்டி தோண்டி விற்பது அவள் தொழில். ஓட்டுக்குள் இருக்கும் சதையைத் தின்பார்களே, அந்த மட்டி. இரண்டு கோடைக்கு முன்னால் இதே அலுவலக வாசலில் ‘எங்கள் சேற்றில் கை வைக்காதே’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு காலை முதல் மாலை வரை நின்றவள். சனிக்கிழமை உதட்டில் க்ரீமோடு வந்து என் கையில் ஒரு பெட்டியைத் திணித்தாள்.

“வீட்டுக்குப் போயி பிரி. இங்க பிரிச்சா நீ அழுவ, எனக்கு அதெல்லாம் பாக்க முடியாது” என்றாள்.

பெட்டியின் மேல் தடித்த பேனாவால் எழுதியிருந்தது: ‘இரண்டு மணி மஞ்சுளாவுக்கு’.

இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். தபால் கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்தப் பெயர் வந்த கதையை இதுவரை நான் ஊருக்கு எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தவள் தன் முட்டாள்தனத்தைத் தாராளமாகச் சொல்லலாம்.

2

கெலமங்கலத்திலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். தக்காளி, காலிஃப்ளவர், ராகி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ். மூன்றிலும் என்னால் சண்டை போட முடியும். கடல் என்கிற ஒன்றை மட்டும் இருபத்திரண்டு வயதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் தண்ணீருக்கு ஒரே திசைதான். போர்வெல் போடப் போட அது கீழே போகும், திரும்பி மேலே வராது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் குவாலிட்டியில் இருந்தேன். வருகிற பீஸை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு டேக் மாட்டி ஒதுக்கி வைக்கிற வேலை. எல்லா வருஷமும் பி ஷிப்ட், மத்தியானம் இரண்டு முதல் இரவு பத்து. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் நாளை மூன்றாக வெட்டி வைத்திருப்பது சூரியன் இல்லை, ஷிப்ட். “பி ஷிப்ட் பஸ் போயிடுச்சா?” என்று கேட்டால் மணி ஒன்றரை ஆயிற்றா என்று அர்த்தம். காதுகுத்துக்கு நாள் பார்க்கும்போது மாமாவுக்கு எந்த ஷிப்ட் என்று பார்த்துத்தான் முகூர்த்தம் குறிப்பார்கள். என் கல்யாணத்துக்குக் காலை ஆறு மணி ஏ ஷிப்ட் ஆட்கள் யூனிஃபார்மோடு வந்து, மொய் எழுதி, சாப்பிட்டு, தாலி கட்டுவதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட இரண்டு மணிக்கு நான் பஞ்ச் அடிக்கத் தவறியதில்லை. அதற்காகக் கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். அதைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்து, விமானத்தில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து சமையலறையில் மாட்டியிருக்கிறேன்.

என் கணவர் சேகர் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு லேத் வேலைக்கு வந்தவர். இங்கே ஒரு படகுப் பட்டறையில் வேலை கிடைத்து முதலில் அவர் வந்தார், பிறகு நானும் எங்கள் மகள் யாழினியும். நான் தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஒரு வருஷப் படிப்புப் படித்தேன். அதை வைத்து, கடலில் மின்சாரம் எடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பமும் அந்த வேலையை வைத்துத்தான் போட்டோம். வேலை போனால் விண்ணப்பம் போகும். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

நாங்கள் இருப்பது கனடாவின் கிழக்கில், ஃபண்டி வளைகுடாவை ஒட்டிய சின்ன ஊர். இங்கே கடல் ஒரு இடத்தில் நிற்காது. ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். கொஞ்சநஞ்சம் இல்லை. சில இடங்களில் நான்கைந்து மாடிக் கட்டடம் முங்கும் அளவுக்கு ஏறும். வந்த புதிதில் ஒருநாள் காலையில் படகுத்துறைக்குப் போனேன். படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தது, கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் இல்லை. வீட்டுக்கு ஓடிவந்து சேகரை உலுக்கி எழுப்பி, “கடலக் காணோம்” என்றேன். ஏரி வற்றிப் பார்த்த கண் அது. வேறு என்ன நினைக்கும்?

அப்படி ஓடி வந்து ஓடிப் போகிற தண்ணீரின் வழியில், அடியில் விசிறி மாதிரி மெஷினை நிறுத்தினால் மின்சாரம். கரி இல்லை, புகை இல்லை. அப்படியென்றால் கெடுதலே இல்லையா என்றால், அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

கெடுதல் எங்கே வரும் என்பதை எளிதாகச் சொல்கிறேன். இந்தக் கடல் சேற்றுக் கடல். வேகமாக ஓடும்வரை தண்ணீர் வண்டலைத் தூக்கிக்கொண்டு போகும். மெஷின் அந்த வேகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வேகம் குறைந்த இடத்தில் தண்ணீர் வண்டலைக் கீழே போட்டுவிடும். எங்கே போடும் என்பதுதான் கேள்வி. தண்ணீர் வற்றியதும் வெளியே தெரியும் சேற்றுவெளியில், சின்னச் சின்னத் துளைகளுக்குள் மட்டி உயிரோடு இருக்கிறது. அதே சேற்றில் உள்ள பொடிப் பூச்சியைத் தின்னத்தான் தெற்கே பறக்கும் பறவைகள் கோடையில் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. அந்தத் துளைகளின் மேல் நைசான வண்டல் ஒரு விரற்கடை படிந்தாலும் மட்டி மூச்சுத் திணறிச் சாகும். இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தச் சேறுதான் தோட்டம். டோனா ஏன் அட்டை பிடித்தாள் என்று எனக்கு அன்றே புரிந்தது. எங்கள் தோட்டத்தில் ஒருவர் மெஷின் இறக்கினால் என் அப்பா அட்டையோடு விட்டிருக்க மாட்டார்.

4

மெஷின் இறக்குவதற்கு முன்னால் ஒரு வாரம், இறக்கிய பின் ஒரு வாரம், டோனாவின் சேற்றுவெளிப் பக்கம் தினமும் ஒருமுறை தண்ணீர் எடுத்து, அதில் எவ்வளவு கலங்கல் இருக்கிறது என்று அளக்க வேண்டும். திட்டக் காகிதத்தில் ‘எடுக்கும் நேரம்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினேன்: மதியம் இரண்டு மணி.

என் மேலதிகாரி கார்டன் நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் நகரத்து அலுவலகத்தில் இருப்பவர். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எனக்கு ஒரே பெருமை. பதினான்கு நாளும் இரண்டு அடிக்க நான் அங்கே இருந்தேன். மழையிலும் இருந்தேன். பாட்டிலை முக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு, ஒரு நிமிஷம் முன்பின் கிடையாது. சில நாள் தண்ணீர் படகுத்துறைப் படிவரை இருந்தது. சில நாள் முழங்கால் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சேற்றில் அரை மைல் நடந்துபோய் எடுக்க வேண்டியிருந்தது. இது ஏன் இப்படி ஆளை அலைக்கழிக்கிறது என்று எரிச்சலாக வரும். நான் டைமுக்கு வந்துவிட்டேன், கடல்தான் லேட் என்று நினைத்துக்கொள்வேன்.

சேற்றில் தோண்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். “மணி ரெண்டாச்சு, மஞ்சுளா வந்தாச்சு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். என் நேரம் தவறாமையைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கை ஆட்டினேன்.

அளவுகள் வந்தன. மெஷின் இறங்குவதற்கு முந்திய வாரம் தண்ணீர் தெளிவு. இறங்கிய வாரம் கலங்கல் எகிறியிருந்தது. கார்டன் அறிக்கையை அரசு அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது: மெஷின்களை நிறுத்துங்கள், அறுபது நாளுக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் வெளியே எடுத்துவிடுங்கள்.

டோனாவின் வீட்டில் அன்றைக்குப் பெரிய விருந்து. என் வீட்டில் ரசம்கூட இறங்கவில்லை.

5

விளக்கம் எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு அளவுகளையும் சமையலறை மேசையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன். யாழினி வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். மீன்பிடிச் சாமான் கடையில் கொடுத்த இலவசக் காலண்டர், மூன்று வருஷமாக ஒவ்வொரு வருஷமும் வாங்கி மாட்டுகிறோம்.

“த்ரீ ஃபார்ட்டிக்குத்தான் லோ. அதுக்கப்புறம் பீச்சுக்குப் போறேம்மா” என்றாள். அவள் தமிழ் இப்போதெல்லாம் இந்த அளவில்தான் இருக்கிறது. என்னைப் பார்த்துச் சொல்லும்போது கடைசியில் ஒரு ‘ம்மா’ வருவதே பெரிது.

“லோன்னா என்னடி?”

“தண்ணி ஃபுல்லா போற டைம். டெய்லி மாறும். ஃபிஃப்டி மினிட்ஸ் லேட் ஆகும். உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும், படிப்பில் வந்தது, பரீட்சையில் எழுதினேன். காகிதத்தில் எழுதியது வேறு, ஒன்பது வருஷம் பஞ்ச் அடித்த கை வேறு. எழுந்துபோய், ஒவ்வொரு தேதிக்கும் கீழே கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் அச்சடித்திருந்த அந்தக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். நல்ல நேரமும் ராகு காலமும் பார்க்காமல் ஒரு பைக்கைக்கூட வாங்காத குடும்பத்தில் பிறந்தவள் நான். கடலுக்கு நேரம் பார்க்கவில்லை.

ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில், அன்றைக்கு இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்று எழுதினேன். முதல் வாரம்: ஏற்றம், ஏற்றம், ஏற்றம். ஏழு நாளும் ஏற்றம். இரண்டாம் வாரம்: வற்றம், வற்றம், ஏழு நாளும் வற்றம். ஏறும் தண்ணீர் நடுக்கடலிலிருந்து தெளிவாக வருகிறது. வற்றும் தண்ணீர் சேற்றுவெளியைக் கழுவிக்கொண்டு கலங்கலாகப் போகிறது. மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். நான் அளந்தது மெஷினை இல்லை. கடல் பி ஷிப்டுக்கு வருகிறதா என்று அளந்திருக்கிறேன்.

சேகரிடம் சொன்னேன்.

“ஏ மஞ்சு, எதுக்கு நீயா போயி தலையக் குடுக்க?” என்றார். “ஒருத்தனும் கண்டுபிடிக்கல. மீட்டரு கோளாறுன்னு சொல்லிட்டு வேற அளவு எடு. அந்த விண்ணப்பம் முடியட்டும்.”

அவர் பயந்ததில் தப்பில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்பது வருஷம் எத்தனையோ பேர் செய்த பீஸுக்கு முகம் பார்க்காமல் சிவப்பு டேக் மாட்டியிருக்கிறேன். ஒருமுறை இதே சேகர் லேத்தில் செய்த பீஸுக்கும் மாட்டினேன். அதில்தான் எங்கள் பேச்சே ஆரம்பித்தது. அதை ஞாபகப்படுத்தியதும் அவர் எழுந்துபோய் எனக்கு ஒரு பேனா எடுத்துவந்து கொடுத்தார்.

6

தப்பை ஒப்புக்கொள்ள நினைத்தால் அதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அரசு அலுவலகத்தின் திருத்தப் படிவத்தில் காரணம் என்று நான்கு கட்டம் இருந்தது. கருவிக் கோளாறு. வானிலை. மாதிரி தொலைந்தது. மற்றவை. போன் செய்தேன். எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள்.

“எந்தக் கட்டம்னு சொன்னா நான் பதிஞ்சிக்கறேன்.”

“கருவி நல்லாத்தாம்மா இருந்தது. ஆள்தான் கோளாறு.”

“அதுக்குக் கட்டம் இல்லையே. கருவின்னு போட்டுடலாமா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.”

வேண்டாம் என்றேன். ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்தேன், அதற்கு இரண்டு வரி இடம் இருந்தது. அந்த இரண்டு வரியில் எழுதினேன்: ‘கருவி சரி. அளந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்க்கவில்லை. மறுபடி அளக்க அனுமதி வேண்டும். பெயர்: மஞ்சுளா.’

கார்டன் போனில் “நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவருடைய கையெழுத்தும் அதில் இருந்ததால்தான் என்று இன்றுவரை சந்தேகம்.

டோனாதான் விடவில்லை. கடைத்தெருவில் வழிமறித்தாள்.

“மெஷின் கெடுதல்னு உன் கணக்கே சொல்லிச்சு. இப்ப கணக்கு தப்புங்கற. கம்பெனிக்காரன் என்ன சொல்லிக் குடுத்தான்?”

“ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நம்பாட்டி நீயே வா. பாட்டில நீ புடி, மீட்டர நீ படி, நான் எழுதறேன்.”

“நான் எதுக்கு உனக்கு வேலை செய்யணும்?”

“எனக்கில்ல. அது உன் சேறு.”

அவள் முறைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்து, “எத்தனை நாளு?” என்று மட்டும் கேட்டாள்.

7

ஒரு மாதம். பதினைந்து நாள் மெஷின் ஓடும், பதினைந்து நாள் நிற்கும், இதற்கு அரசு அனுமதி கொடுத்தது. பகலில் தண்ணீர் ஏறும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை. வண்டல் எவ்வளவு படிகிறது என்று பார்க்கச் சேற்றில் வெள்ளை டைல் ஓடுகளையும் பதிக்க வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் இருந்தபோதுதான் என் அண்ணன் முனிராஜ் ஊரிலிருந்து பேசினான். அவன் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே தோட்டத்தையும் பார்ப்பவன். காட்டு ஓரம் என்பதால் யானைத் தொல்லை. அந்த வருஷம் எங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து சோலார் வேலி போட்டிருந்தார்கள்.

“வேலி எப்படி இருக்குதுண்ணா?” என்று கேட்டேன்.

“சூப்பரா வேல செய்யுது பாப்பா. ஒரு ஆன நம்ம தோட்டத்துக்குள்ள கால வெக்கல. ஆனா என்னா ஆச்சுன்னா, அதுங்க அப்படியே வேலி ஓரமாவே நடந்துபோயி பக்கத்தூரு ராகிய மிதிச்சிட்டு போயிருச்சிங்க. நேத்து அந்தூர்க்காரனுங்க பைக்க எடுத்துக்கினு கூட்டமா வந்து நாயம் கேக்குறானுங்க. நம்மூரு ஆளுங்க எல்லாம், எங்க தோட்டத்துல ஒண்ணும் நடக்கலியேன்றாங்க. அது அவனுக்கு என்னாத்துக்கு ஆவும்?”

நான் போனைப் பிடித்தபடியே சுவரில் இருந்த கடல் வரைபடத்தின் முன்னால் போய் நின்றேன். டோனாவின் சேற்றுவெளிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய தீவு. தீவுக்குப் பின்னால் ஒரு குடாவில் இன்னும் நான்கு குடும்பங்கள் மட்டி தோண்டுகின்றன. எங்கள் திட்டத்தில் அந்தக் குடாவின் பெயரே இல்லை. அங்கே ஒரு பாட்டில்கூட யாரும் முக்கவில்லை.

“அண்ணா, அப்புறம் கூப்புடறேன்” என்று வைத்தேன். அன்றைக்கே அங்கேயும் ஓடுகளைப் பதித்தோம்.

அந்த மாதம் என் வீட்டில் நேரம் என்பதே போயிற்று. ஒருநாள் காலை ஏழுக்குச் சேற்றில் இருப்பேன், அடுத்த நாள் எட்டுக்கு, அதற்கடுத்த நாள் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால். சோறு ஆக்கும் நேரம் தினமும் நகர்ந்தது. சேகர் உப்புமா கிண்டக் கற்றுக்கொண்டார். ஒருநாள் என் பூட்ஸ் சேற்றில் புதைந்து இடுப்புவரை இறங்கிவிட்டேன். ஏறும் தண்ணீர் சரசரவென்று வந்துகொண்டிருந்தது. டோனா ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்தாள். பூட்ஸ் உள்ளேயே போய்விட்டது.

“விவசாயக் குடும்பம்னு சொன்ன, சேத்துல நடக்கத் தெரியல?” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

“எங்களுது சொட்டு நீரு. சேறே கெடையாது.”

இருவரும் அப்படியே சேற்றில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதற்கப்புறம் கம்பெனிக்காரன் பேச்சை அவள் எடுக்கவில்லை.

மாதம் முடிந்தது. டோனாவின் சேற்றுவெளியில் மெஷின் ஓடினாலும் நின்றாலும் ஏற்றத்துக்கு ஏற்றம், வற்றத்துக்கு வற்றம், வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவள் பாட்டில் பிடித்து, அவளே படித்த எண்கள். தீவுக்குப் பின்னால் இருந்த ஓடுகளைக் கழுவாமல் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மெஷின் நின்ற பதினைந்து நாள் பதித்து வைத்த ஓடு வெள்ளையாகவே இருந்தது. ஓடிய பதினைந்து நாள் வைத்த ஓட்டில் மாவு மாதிரி நைசான வண்டல் ஒரு படலமாகப் படிந்திருந்தது. எங்கள் வேலி பக்கத்தூருக்கு யானையை அனுப்பியிருந்தது.

8

கார்டனுக்கு முதல் பாதி மிகவும் பிடித்திருந்தது.

“நம்மகிட்ட கேட்டது இந்தச் சேற்றுவெளியப் பத்தி மட்டும்தான். அதுக்கு நல்ல பதில் இருக்கு. குடாவ அடுத்த வருஷம் பாத்துக்கலாமே?”

“அப்படின்னா என் கையெழுத்து வராது சார்.”

விண்ணப்பம் அப்போதும் எந்த மேசையிலோ கிடந்தது. ஆனால் அதற்கு முன் நான் என் தப்பையே எழுதிக் கொடுத்தவள். ஒருமுறை சிவப்பு டேக்கை எடுத்தவளுக்கு அடுத்தமுறை கை கூசுவதில்லை. முழு அறிக்கையும் போயிற்று.

பள்ளிக்கூட ஹாலில் ஊர்க் கூட்டம் நடந்தது. அரசு அலுவலர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால், மட்டித் தொழிலாளிகள் நிறைய பேர் முன்னால். நான் எழுந்து, “மைசெல்ஃப் மஞ்சுளா” என்று ஆரம்பித்தேன். பின் வரிசையில் யாழினி முகத்தை மூடிக்கொண்டது தெரிந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. முதலில் என் தப்பைச் சொன்னேன், பிறகு டோனாவின் சேறு, பிறகு தீவுக்குப் பின்னால் இருக்கும் குடா. ஒரு அலுவலர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

“முதல் தடவ தப்பா அளந்தீங்க. இந்தத் தடவ சரின்னு எப்படி நம்பறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் டோனா எழுந்துவிட்டாள்.

“பாட்டிலப் புடிச்சது நான். மீட்டரப் படிச்சது நான். இந்த மெஷின் வேணாம்னு வெயில்ல நின்னவளும் நான்தான். என் சேத்துக்கு ஒண்ணும் ஆகல, அது உண்மை. அந்தப் பக்கம் அவங்க சேத்துக்கு ஆகுது, அதுவும் உண்மை. ரெண்டையும் சொன்னது இவ ஒருத்திதான். இவளுக்குக் கடல் தெரியாது, சரி. அளக்கத் தெரியும்.”

ஹாலில் கை தட்டினார்கள். யாழினியும் தட்டினாள், நான் பார்த்தேன்.

தீர்ப்பு வந்தது. மெஷின்களை எடுக்க வேண்டாம். தீவை ஒட்டி நிற்கும் மூன்றாவது மெஷினை நடு ஓட்டத்துக்குத் தள்ளி வை. வசந்தத்தில் மீன்கள் ஆற்றுக்கு ஏறும் வாரங்களில் மூன்றையும் நிறுத்து. இனி எல்லா அளவும் ஏற்ற வற்றம் பார்த்துத்தான், குடாவிலும் சேர்த்து. அந்தக் கடைசி நிபந்தனையைக் கார்டன் போனில் எனக்குப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, “உன் தப்பு இப்ப சட்டமாயிடுச்சு” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நாங்கள் நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டையும் அதே குளிர்காலத்தில் வந்து சேர்ந்தது.

மெஷினை நகர்த்தி, மறுபடி மூன்றும் சுழல ஆரம்பித்த நாளைத்தான் சனிக்கிழமை கொண்டாடினோம். ஆனால் எனக்குக் கொண்டாட்டம் அதற்கு மூன்று நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. புதன்கிழமை நானும் டோனாவும் தீவுக்குப் பின்னால் போனோம். தண்ணீர் முழுக்க வற்றியிருந்தது. ஓடுகளை எடுத்துப் பார்த்தோம், வெள்ளை. ஒரு வருஷமாக மெஷின் ஓடியும் வெள்ளை. சேற்றில் நடக்கையில் மேலே அதிர்வு பட்டால் உயிருள்ள மட்டி துளைக்குள்ளிருந்து தண்ணீரைப் பீய்ச்சும். நான் முதல் அடி வைத்தேன். இடது பக்கம் ஒன்று பீய்ச்சியது. அடுத்த அடிக்கு இரண்டு. பிறகு குடா நெடுக, நாங்கள் போகிற வழியெல்லாம், முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டியாகப் பீய்ச்சிக்கொண்டே வந்தன. நான் குனிந்தபோது ஒன்று சரியாக என் முகத்தில் அடித்தது. “தேங்க்ஸ் சொல்லுது” என்றாள் டோனா. எனக்கு அந்த உப்புத் தண்ணீரைத் துடைக்க மனம் வரவில்லை.

9

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு சுவர்க் கடிகாரம், ஆனால் ஒரே ஒரு முள். எண்கள் இருக்கும் இடத்தில் மேலே ‘முழு ஏற்றம்’ என்றும் கீழே ‘முழு வற்றம்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடல் ஏறி வற்றி மறுபடி ஏறுவதற்குள் அந்த முள் ஒரு சுற்று வரும். இந்தப் பக்கக் கடலோர வீடுகளில் இது இருக்கும், நான் யார் வீட்டிலும் கவனித்துப் பார்த்ததில்லை. நம் கடிகாரத்தில் இரண்டு இருக்கும் இடத்தில், சிவப்புப் பெயிண்டால் டோனா ஒரு புள்ளி வைத்திருந்தாள். அவள் சொன்னது சரிதான், அழுதேன்.

ஓசூர்க் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே அதை மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த முனிராஜ் உடனே கண்டுபிடித்துவிட்டான்.

“என்னா பாப்பா, பெரிய முள்ளு காணோம்? எவனோ உன்ன ஏமாத்தி ரிஜெக்ட் பீஸ தலையில கட்டிட்டான் பாரு.”

“இல்லண்ணா, இது சரியாத்தான் ஓடுது.”

“எங்க ஓடுது? நம்ம ஓசூரு கடியாரத்துல ரெண்டு அடிச்சிடுச்சு, அது எங்கியோ கெடக்குது.”

நான் பதில் சொல்வதற்குள் யாழினி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “மாமா, அது கடலோட டைம்” என்றாள். “ரெண்டு மணி அம்மாவோட டைம்.”

முழு வாக்கியம், ஒரே மூச்சில், தமிழில். முனிராஜ் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. இந்தப் பக்கம் நானும் சேகரும் சிரித்தோம்.

இதை எழுதும்போது சுவரில் மணி ஒன்று ஐம்பது. பழக்க தோஷத்தில் எழுந்து பூட்ஸை எடுத்தேன். பிறகு பக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒற்றை முள் இன்னும் மேலேயே நிற்கிறது, கடல் இப்போதுதான் நிறைந்திருக்கிறது. பூட்ஸை வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.